புது டிராவல் டிரெய்லருக்கு டீலரிடம் எவ்வளவு கொடுக்கலாம்?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவின் கொலம்பஸில் இருக்கிறீர்கள், வீட்டில் நாலு பேர். 26 அடி பங்க்ஹவுஸ் டிராவல் டிரெய்லர் ஒன்று, அதாவது பிள்ளைகளுக்குப் பங்க் கட்டில் வைத்த, டிரக்கின் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி, பிடித்துப்போயிருக்கிறது. ஸ்டிக்கர் விலை, அதாவது வண்டியில் ஒட்டியிருக்கும் பட்டியல் விலை, 48,500 டாலர். டீலர் 41,900க்கு இறங்கி வந்திருக்கிறார், மாதம் 315 டாலர் கட்டினால் போதும் என்கிறார். இது நியாயமா, இன்னும் கேட்கலாமா, எப்படிக் கேட்பது?

கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். சந்தையில் நிறையப் புழங்கும் பிராண்டு டிரெய்லர் என்றால் ஸ்டிக்கரிலிருந்து 25 முதல் 30 சதவீதம் கழித்து வாங்குவது சாதாரணம். உங்கள் வண்டிக்கு அது வரிக்கு முன் சுமார் 34,000 முதல் 36,500 வரை வரும். டீலர் இதுவரை கழித்திருப்பது 14 சதவீதம்கூட இல்லை. அதைச் சலுகை என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

நம்மில் பலருக்கு இங்கே தடுமாற்றம் வருவதற்குக் காரணம், கார் வாங்கிய பழக்கம். டொயோட்டாவோ ஹோண்டாவோ வாங்கும்போது இன்வாய்ஸ் விலையை இணையத்திலேயே பார்த்துவிட்டு, அதற்கு ஐந்நூறு மேலே, ஐந்நூறு கீழே என்று பேசிப் பழகிவிட்டோம். டிரெய்லரில் அப்படி ஒரு அளவுகோல் வெளியில் கிடைக்காது. டீலருக்கு என்ன விலைக்கு வந்தது என்பது அவருக்கும் தயாரிப்பாளருக்கும் மட்டும் தெரிந்தது. இன்வாய்ஸ் என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினாலும், வருஷக் கடைசியில் விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்து அவருக்குத் திரும்பி வரும் ரிபேட் அதில் இருக்காது. ஸ்டிக்கர் விலையோ தள்ளுபடி காட்டுவதற்கு இடம் விட்டே எழுதப்படுவது. அதனால் "எவ்வளவு குறைத்தார்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள். இதே வண்டி வேறு இடங்களில் எவ்வளவுக்கு விலை போகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு.

அதைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிட எளிது. அமெரிக்க ஆர்விகளில், அதாவது டிராவல் டிரெய்லர் உட்பட எல்லா வகை வீட்டு வண்டிகளிலும், 80 சதவீதத்துக்கு மேல் இந்தியானா மாநிலத்தின் வடக்கு மூலையில், எல்க்ஹார்ட் நகரத்தைச் சுற்றித்தான் தயாராகின்றன. கடையில் நாற்பது பெயர்கள் இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு முதலாளிகள் மூன்று பேர்தான். தோர் நிறுவனத்திடம் ஜேகோ, கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் எல்லாம் இருக்கின்றன. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவேயின் சொத்து. கிராண்ட் டிசைனை 2016இல் வின்னபேகோ வாங்கியது. உள்ளே பார்த்தால் அடிச்சட்டம் லிப்பர்ட், சாதனங்களில் பாதி டொமெட்டிக் என்று ஒரே சப்ளையர்களின் சாமான்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சில நேரம் வண்டியே ஒன்றுதான். ஃபாரஸ்ட் ரிவரின் சேலம், வைல்ட்வுட் என்ற இரண்டு பிராண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்: ஒரே டிரெய்லர், ஒரே ஊரில் இரண்டு டீலர்களுக்குக் கொடுக்க வசதியாக இரண்டு பெயர். "இந்த மாடல் எங்களிடம் மட்டும்தான்" என்று சேல்ஸ்மேன் சொன்னால் அதன் இரட்டையைத் தேடுங்கள்.

ஆர்வி டிரேடர் என்ற விளம்பரத் தளத்தில் உங்கள் ஃப்ளோர்பிளான் எண்ணை, அதாவது வண்டியின் உள்ளமைப்பைக் குறிக்கும் மாடல் எண்ணைக் கொடுத்து, 500 மைல் சுற்றளவு வைத்துத் தேடினால் மிச்சிகன், இந்தியானா, ஒஹாயோவின் பெரிய டீலர்களின் விலைகள் வந்து நிற்கும். இவர்கள் எண்ணிக்கையில் விற்பவர்கள், ஒரு வண்டிக்கு லாபம் குறைவாக இருந்தாலும் கவலைப்பட மாட்டார்கள். சில விளம்பரங்களில் விலை இல்லாமல் "அழைத்துக் கேளுங்கள்" என்று இருக்கும். சில தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே விலையை விளம்பரம் செய்ய டீலர்களை அனுமதிப்பதில்லை. ஆகவே அப்படி எழுதியிருந்தால் அதைவிடக் குறைந்த விலை இருக்க வாய்ப்பு உண்டு. கட்டாயம் கேளுங்கள். குறைந்தது மூன்று டீலர்களிடமாவது அதே ஃப்ளோர்பிளானுக்கு, அதே மாடல் வருஷத்துக்கு எழுத்தில் விலை வாங்குங்கள். அந்த மூன்று எண்களும் கையில் வந்தபின் உங்கள் ஊர் டீலரிடம் பேசுவது பாதி முடிந்த மாதிரிதான்.

ஏர்ஸ்ட்ரீமுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அது ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் குறைந்த எண்ணிக்கையில் கட்டப்படுகிறது, மறுவிலையும் நன்றாக நிற்கும், அதனால் டீலர்கள் அதிகம் இறங்க மாட்டார்கள்.

அடுத்தது வண்டியின் வயது. என் அனுபவத்தில் பேரத்துக்கு இதைவிட நல்ல பிடி கிடையாது. டீலரின் மைதானத்தில் நிற்கும் டிரெய்லர்களில் பெரும்பாலானவை அவருடைய பணத்தில் வாங்கியவை அல்ல. ஃப்ளோர் பிளான் என்ற கடனில் (மேலே சொன்ன ஃப்ளோர்பிளான் எண் வேறு, இது வேறு) வங்கியோ நிதி நிறுவனமோ பணம் போட்டிருக்கும். வண்டி விற்காத ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும். குறிப்பிட்ட மாதங்கள் தாண்டினால் அசலிலும் ஒரு பகுதியை டீலர் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு வருஷமாக நிற்கும் வண்டியை அவர் நஷ்டத்துக்குக்கூடத் தள்ளிவிடுவார். நேற்று வந்து இறங்கிய வண்டிக்கு அந்த அவசரம் இருக்காது.

வயதைச் சேல்ஸ்மேனிடம் கேட்க வேண்டியதில்லை, வண்டியே சொல்லும். டிரெய்லரின் இடது பக்கம், முன்மூலைக்கு அருகே வெளிச்சுவரில் ஒரு வெள்ளை லேபிள் ஒட்டியிருக்கும். தயாரித்த மாதமும் வருஷமும் அதில் இருக்கும், கூடவே அதிகபட்ச எடையும் டயர் காற்றழுத்தமும். பிறகு குனிந்து டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கம் டயர் செய்த வாரமும் வருஷமும். 3424 என்றால் 2024ஆம் வருஷத்தின் 34ஆவது வாரம். வின் (VIN) என்ற வண்டி அடையாள எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருஷம்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) 2025, டி (T) 2026. இந்த மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு மாதம் வெயிலிலும் பனியிலும் நின்ற வண்டியைப் "புதுசு" என்று புது வண்டி விலைக்கே கேட்டால், அந்தப் படத்தைக் காட்டிப் பேசலாம். புது மாடல்கள் கோடையிலிருந்தே வர ஆரம்பித்துவிடும், செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் பெரிய ஆர்வி ஷோ நடக்கும், அதற்குப் பிறகு பழைய வருஷ மாடலை வைத்துக்கொண்டிருக்க எந்த டீலருக்கும் மனம் வராது. ஒஹாயோ மாதிரி குளிர் மாநிலத்தில் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாங்குபவரின் கை ஓங்கியிருக்கும். ஏப்ரலில் போய் நின்றால் உங்களுக்குப் பின்னால் இன்னும் நாலு குடும்பம் நிற்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிய நண்பர்கள் "தள்ளுபடியே கிடைக்கவில்லை" என்று சொன்னால் அதை இப்போதைய அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021இல் ஆறு லட்சம் ஆர்விகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின, அது இதுவரை இல்லாத எண்ணிக்கை. 2023இல் அது ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அன்று டீலர் சொன்னதுதான் விலையாக இருந்தது. இன்று அப்படி இல்லை.

சரி, பேரத்துக்கு வருவோம். நேரில் போய்ப் பேச வேண்டாம், மின்னஞ்சலில் பேசுங்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் பிள்ளைகள் பங்க் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பார்கள், உங்களுக்கும் மனம் இளகிவிடும். அதை அவர்கள் நன்றாக அறிவார்கள். எழுத வேண்டியது சில வரிதான்: இந்த ஸ்டாக் எண், இந்த வின் எண் கொண்ட டிரெய்லர், இந்த மாதத்துக்குள் வாங்குகிறோம், வரி, டைட்டில் (உரிமைப் பத்திரம்), பதிவு, எல்லாக் கட்டணமும் சேர்த்து அவுட் த டோர் விலையை வரி வரியாகப் பிரித்து அனுப்புங்கள். பணமா கடனா என்று கேட்பார்கள். "விலை முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று எழுதினால் போதும். கடன் ஏற்பாடு செய்து கொடுப்பதிலும் டீலருக்கு வருமானம் உண்டு. ரொக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்த வருமானம் போய்விட்டதென்று விலையில் கறார் காட்டுவார். பழைய வண்டியை மாற்றுவதாக இருந்தாலும் அந்தப் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

வரி வரியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி விலையில் நாலாயிரம் குறைத்துவிட்டு, கீழே கட்டணங்களில் மூவாயிரத்தை ஏற்றிவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். விற்பனை வரி, டைட்டில், பதிவு மூன்றும் அரசுக்குப் போவது, அதில் பேச ஒன்றுமில்லை. டாக் ஃபீ என்ற ஆவணக் கட்டணத்துக்குச் சில மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு, ஃப்ளோரிடா போன்ற இடங்களில் கிடையாது. அதை நீக்க மாட்டார்கள், ஆனால் அந்தத் தொகையை வண்டி விலையில் குறைக்கச் சொல்லலாம். ஃப்ரெய்ட், அதாவது தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் செலவு, என்று ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் போட்டிருந்தால் கேளுங்கள்: எல்க்ஹார்ட்டிலிருந்து கொலம்பஸ் நாலு மணி நேர ஓட்டம், ஒருவர் பிக்கப் டிரக்கில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து விடுவார், அதற்கு இவ்வளவா? டெக்சஸில் இருப்பவருக்கு அந்தத் தொகை பொருந்தும். சில ஸ்டிக்கர்களில் ஃப்ரெய்ட் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதே தொகையை மறுபடி ஒருமுறை வாங்கப் பார்ப்பார்கள். அதையும் கவனியுங்கள். "பிரெப் ஃபீ", அதாவது வண்டியைக் கழுவிச் சோதித்து ஒப்படைப்பதற்குக் கட்டணம், எனக்கு எந்த நியாயமும் தெரியாத ஒன்று. ஓடும் நிலையில் வண்டியைத் தருவது விற்பவரின் வேலை. பேட்டரி, நிரப்பிய கேஸ் சிலிண்டர், தண்ணீர் ஹோஸ், கழிவு ஹோஸ் அடங்கிய ஸ்டார்ட்டர் கிட் ஆகியவற்றை வாங்கிக்கொண்டுதான் விலையை முடிக்க வேண்டும். டிரெய்லரின் எடை டிரக்கின் பின்பக்கமே விழாமல் பரப்பிவிடும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்ற இணைப்பைப் பொருத்துவதற்குக் காசு கேட்பது சரிதான், ஆனால் அதன் விலையைக் கடையில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

மூன்று விலையும் வந்தபின் உள்ளூர் டீலருக்கு உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். முதலில் 34,500 என்று ஆரம்பிக்கலாம். கூடவே இந்தியானாவிலிருந்து வந்த விலைத்தாளை இணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பேசாமல் இருங்கள். "மேனேஜரைக் கேட்டேன், முடியாது என்கிறார்" என்று ஒரு பதில் வரும், "இன்று இரவோடு இந்த விலை முடிகிறது" என்று இன்னொன்று வரும். இரண்டுக்கும் அவசரப்பட்டு விலையை ஏற்றி எழுத வேண்டாம். மாதக் கடைசி நெருங்கும்போது அவரே கூப்பிடுவார். அடிமாட்டு விலை கேட்டால் மட்டும் பதிலே வராது. 50 சதவீதம் தள்ளுபடி கேட்பவரை அவர்கள் வாங்க வந்தவராகவே எடுத்துக்கொள்வதில்லை.

மாதம் 315 என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். 41,900இல் பத்து சதவீதம் முன்பணம் போனால் கடன் 37,710. வட்டி 8 சதவீதம், தவணை 240 மாதம் என்று போட்டால் மாதம் 315 வருகிறது. அதாவது இருபது வருஷம். மொத்தம் கட்டுவது 75,700 டாலர், அதில் வட்டி மட்டும் சுமார் 38,000. வாங்கிய கடனைவிட வட்டி அதிகம். இன்னும் கொடுமை, ஐந்து வருஷம் ஒழுங்காகக் கட்டி 18,900 டாலர் போனபின்னும் 33,000 பாக்கி நிற்கும். ஐந்து வருஷப் பழைய டிரெய்லர் அந்த விலைக்குப் போகாது, விற்க நினைத்தாலும் கையிலிருந்து பணம் போட்டுத்தான் கடனை முடிக்க வேண்டும். இதே கடனைப் பத்து வருஷத்துக்கு எடுத்தால் மாதம் 458, மொத்த வட்டி 17,200. அது கட்டுப்படியாகவில்லை என்றால் சின்ன டிரெய்லர், அல்லது இரண்டு மூன்று வருஷம் பழைய டிரெய்லர் பாருங்கள். முதல் சொந்தக்காரர் பெரிய விலைச்சரிவைத் தாங்கிக்கொண்டிருப்பார், புது வண்டியில் வரும் சில்லறைக் கோளாறுகளையும் சரி செய்திருப்பார்.

டீலரிடம் போவதற்கு முன் உங்கள் கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) கடன் அனுமதி வாங்கி வையுங்கள். டீலரின் கடன் அதைவிட மலிவாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

கையெழுத்துப் போடும் நாளில் உங்களை ஃபைனான்ஸ் அறைக்கு அழைத்துப்போவார்கள். விலை முடிந்துவிட்டது என்று மனம் தளர்ந்திருக்கும் நேரம் அது. மேனேஜர் ஒரு தாளை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார், மூன்று நாலு கட்டங்களாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் மாதத் தொகை மட்டும் பெரிய எழுத்தில். ஒன்றில் எக்ஸ்டெண்டட் வாரண்டி, டயர் இன்ஷூரன்ஸ், கேப் இன்ஷூரன்ஸ் (வண்டி அழிந்தால் இன்ஷூரன்ஸ் தொகைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டுவது), பெயிண்ட் பூச்சு, சாலையோர உதவி எல்லாம் இருக்கும். அடுத்ததில் ஒவ்வொன்றாகக் குறையும். கடைசிக் கட்டத்தில் ஒன்றுமே இருக்காது, அதற்குக் கீழே "பாதுகாப்பை மறுக்கிறேன்" என்று கையெழுத்துக்கு ஒரு கோடு. மாதம் 38 டாலர்தான் வித்தியாசம் என்பார். 240 மாதத்தால் பெருக்குங்கள், 9,120. ஒவ்வொரு பொருளின் முழு விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டியை அன்றே வாங்கியாக வேண்டும் என்பது உண்மையல்ல. தயாரிப்பாளரின் வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷம், ஜேகோவுக்கு இரண்டு வருஷம். அது முடியும் முன் வேறு இடத்தில் விலை விசாரித்து வாங்கலாம். கேப் இன்ஷூரன்ஸும் உங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலோ கிரெடிட் யூனியனிலோ மலிவாகக் கிடைக்கும்.

"இது இரண்டாவது வீடு மாதிரி, வட்டிக்கு வருமான வரி விலக்கு உண்டு" என்றும் சொல்வார்கள். படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் இருந்தால் அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் அப்படி ஏற்றுக்கொள்வது உண்மை. ஆனால் நீங்கள் வரிக் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டித் தாக்கல் செய்பவராக இருந்தால்தான் பலன். எல்லோருக்கும் பொதுவான நிலையான வரிக் கழிவை எடுப்பவருக்கு ஒரு டாலரும் மிச்சமாகாது.

முன்பணம் கொடுக்கும்போது அது திரும்பக் கிடைக்குமா என்பது ரசீதிலேயே எழுதியிருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது. மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மத்திய விதி டீலரின் கடையிலேயே நடக்கும் விற்பனைக்குப் பொருந்தாது. குறைபாடுள்ள காரைத் திருப்பித் தர உதவும் லெமன் சட்டங்களும் பல மாநிலங்களில் இழுவை டிரெய்லர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே உங்கள் பலம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். ஒப்பந்தத்தில் "முழுச் சோதனை முடிந்து, குறைகள் சரிசெய்த பிறகே மீதிப் பணம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சோதனை நாளில் தண்ணீரையும் மின்சாரத்தையும் இணைக்கச் சொல்லி, அரை நாள் ஒதுக்கி, எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள்: ஏசி, ஃபர்னஸ், கேஸிலும் மின்சாரத்திலும் வாட்டர் ஹீட்டர், ஸ்லைடு (வெளியே நீளும் அறைப் பகுதி), ஆனிங் (வெளியே விரியும் நிழல் கூரை), ஒவ்வொரு குழாயின் அடி. கூரையில் ஏறி சீலண்ட் விரிசலைப் பாருங்கள், மூலைகளில் தரை மெத்தென்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். டிரெய்லரின் முதல் எதிரி தண்ணீர்தான். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் ஆர்வி இன்ஸ்பெக்டர்களின் சங்கமான என்ஆர்விஐஏவின் சான்று பெற்ற இன்ஸ்பெக்டரை வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டிக்கு எதற்கு என்று டீலர் முகம் சுளித்தால், அதுவே அவரைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல்.

விலைக்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய ஒன்று, டிரெய்லரை இழுக்கப்போகும் உங்கள் டிரக். டிரைவர் கதவுச் சட்டத்தில் மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமான்களும் சேர்த்து இத்தனை பவுண்டு என்று இருக்கும். சாமான் ஏற்றிய டிரெய்லர் 7,000 பவுண்டு என்றால் அதன் மூக்கு எடை, அதாவது டிரக்கின் மேல் அழுத்தும் முன்பக்க எடை, 13 சதவீதக் கணக்கில் 910, ஹிட்ச் ஒரு 100, நாலு பேர் 550 என்று வையுங்கள், 1,560 ஆகிவிடுகிறது. உங்கள் ஸ்டிக்கர் 1,450 என்று சொன்னால் என்ன விலைக்குக் கிடைத்தாலும் இந்த டிரெய்லர் வேண்டாம். "உங்க டிரக் தாராளமா இழுக்கும்" என்று சேல்ஸ்மேன் சொல்வதை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்காதீர்கள்.

கடைசியாக, எந்த டீலரிடம் வாங்குவது. இந்தியானாவில் ஆயிரம் டாலர் குறைவு என்றால் நான் உள்ளூரிலேயே வாங்குவேன். முதல் வருஷம் வாரண்டி வேலைக்காக வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டிவரும். வேறு இடத்தில் வாங்கிய வண்டியைச் சில டீலர்கள் தொடமாட்டார்கள், சிலர் தங்கள் வாடிக்கையாளர்களை எல்லாம் முடித்துவிட்டு, சீசன் போனபின் எடுப்பார்கள். பிள்ளைகளின் விடுமுறையில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்பதற்கு அந்த ஆயிரம் ஈடாகாது. அதனால் உங்கள் ஊர்க்காரர் பேட்டரி, சிலிண்டர், ஸ்டார்ட்டர் கிட் சேர்த்து, பிரெப் ஃபீ இல்லாமல், வரிக்கு முன் 37,000க்குள் வந்தால் வாங்கிவிடுங்கள். 39,000க்குக் கீழே வரமாட்டேன் என்றால், எல்க்ஹார்ட் பக்கம் ஒரு சனிக்கிழமை போய்விட்டு வாருங்கள். போகும் முன், வாரண்டி வேலை பார்த்துத் தரும் தனியார் ஆர்வி ஒர்க்‌ஷாப் கொலம்பஸில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவிலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.